நாற்பது நொடிப் பட்டறை

12 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கம்பியை 1100 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி உலையிலிருந்து வெளியே எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டில் அதன் பரப்பு, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 160 கிலோவாட் வீதம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழக்கிறது. கணக்குப் போட்டால் முதல் சில நொடிகளில் நொடிக்குப் பத்து டிகிரிக்கு மேல் இறங்குகிறது. காற்றில் சும்மா பிடித்திருந்தாலே 800 டிகிரிக்கு வர நாற்பது நொடி சொச்சம்தான் ஆகும். குளிர்ந்த பட்டடையில், அதாவது கம்பியை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டையில், கிடத்தினால் இன்னும் சீக்கிரம். வீட்டில் கொல்லன் பட்டறை போட நினைப்பவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்த நாற்பது நொடியைத்தான். எதை வாங்குவது, எதை எங்கே வைப்பது, எதற்குக் காசை வீணாக்கக் கூடாது என்ற கேள்விகளில் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடும்.

சாதாரண மைல்டு ஸ்டீலுக்கு அறைச்சூட்டில் இருக்கும் வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட 1100 டிகிரியில் இருக்காது. அடித்த இடம் பேசாமல் நகர்ந்து கொடுக்கும். சூடு இறங்க இறங்க விறைப்பு ஏறும், அதே அடிக்குக் கிடைக்கும் பலன் சுருங்கும். 800 டிகிரி வாக்கில் நிறுத்திவிட்டு மறுபடி உலைக்குள் வைப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கும் கீழே, 300 டிகிரியை ஒட்டி நீலம் பூக்கும் சூட்டில், எஃகு நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடுகிறது. அப்போது வளைத்தாலோ அடித்தாலோ விரிசல் விட வாய்ப்பு அதிகம். மேல்பக்கமும் ஓர் எல்லை உண்டு. கம்பி வெளுத்துப் பொறி பறக்கத் தொடங்கினால் அந்த இடம் எரிந்துவிட்டது என்று பொருள். வெட்டி எறிய வேண்டியதுதான்.

கனத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு எளிமையானது. உருண்டைக் கம்பியின் விட்டம் பாதியானால், அதே எடைக்கு வெளியே தெரியும் பரப்பு இரண்டு மடங்கு. ஆகவே 6 மி.மீ. கம்பி இருபது நொடியிலேயே ஆறிவிடும். பழகுபவர்கள் பலரும் “சின்னதில் தொடங்கலாம்” என்று மெல்லிய கம்பியை எடுத்துவிட்டு, அடிக்குமுன் ஆறிப்போகிறதே என்று சலித்துக்கொள்கிறார்கள். 12 மி.மீ.யில் தொடங்கினால் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

சரி, உலைக்கு வருவோம். ஒரு கிலோ எஃகை 1100 டிகிரிக்கு ஏற்ற முக்கால் மெகாஜூல் அளவுக்கு ஆற்றல் போதும். ஒரு கிலோ மரக்கரியில் சுமார் 30 மெகாஜூல் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு கைப்பிடிக் கரியில் வேலை முடிய வேண்டும், முடிவதில்லை. சிக்கல் வெப்பத்தின் மொத்த அளவில் இல்லை, அதை ஒரு சின்ன இடத்தில் குவித்து, கம்பி இழப்பதைவிட வேகமாக அதற்குள் ஏற்றுவதில் இருக்கிறது. துருத்தி செய்வது அதைத்தான். காற்று அதிகமானால் கரி வேகமாக எரிகிறது, வெப்பம் தப்பிப்பதற்குள் அடுத்த வெப்பம் வந்துவிடுகிறது.

எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிய ஒன்பதரை கன மீட்டர் காற்று தேவை. மணிக்கு இரண்டு கிலோ கரி எரியும் சின்ன உலைக்கு நொடிக்கு ஐந்தாறு லிட்டர் போதும். பழைய ஹேர் டிரையரை மாட்டினால் அது இதைப் போலப் பல மடங்கு தள்ளும். கரித்தூள் பறக்கும், பொறி எகிறும், கரி வீணாகும். ப்ளோயர் எதுவானாலும் குழாயில் ஓர் அடைப்பான் வைத்து காற்றைக் குறைக்கவும் கூட்டவும் வழி செய்துகொள்ள வேண்டும். காற்று பக்கவாட்டிலிருந்தோ அடியிலிருந்தோ ஒரே வாயால் வரட்டும். பல ஓட்டை போட்டால் நெருப்பு பரந்துபோய்ச் சூடு சிதறும்.

நெருப்புக்குள்ளேயே மூன்று அடுக்கு இருக்கிறது, இது கண்ணுக்குத் தெரியாது. காற்று நுழையும் வாய்க்குப் பக்கத்தில் எரிந்து தீராத ஆக்சிஜன் மிச்சமிருக்கும். அங்கே கம்பியைச் செருகினால் ஆக்சிஜன் இரும்பைத் தின்று, கனமான கருஞ்செதிளாக உரிக்கும். சற்று மேலே ஆக்சிஜன் தீர்ந்து, சூடும் உச்சத்தில் இருக்கும். அதற்கும் மேலே, உருவான கார்பன் டை ஆக்சைடு கனலும் கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அந்த வினை வெப்பத்தை உறிஞ்சுவதால் அங்கே சூடு குறைவு. கம்பி இருக்க வேண்டிய இடம் நடு அடுக்கு. வாயிலிருந்து பத்து சென்டிமீட்டர் போலக் கரி கீழே இருக்க, படுக்கைவாட்டில் வைத்து மேலேயும் கரியால் மூட வேண்டும். நுனியைக் கீழ்நோக்கிக் குத்தினால் அது நேரே காற்றின் வாயில்தான் போய் நிற்கும்.

எரிவாயு உலை வேறு வகை. உள்ளே செராமிக் கம்பளி ஒட்டிய ஓர் உருளை, மேலே ஒரு பர்னர். பற்றவைத்த சில நிமிடங்களில் வேலைக்குத் தயார், சாம்பல் கிடையாது, சூடும் சீராக இருக்கும். குடியிருப்புப் பகுதியில் புகையைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேச்சு வராமல் இருக்க இதுவே நல்லது என்பேன். ஆனால் அந்தக் கம்பளியின் மெல்லிய இழைகள் நுரையீரலுக்குக் கேடு. பளபளப்பாக வெள்ளையாக இருக்கிறதே என்று அப்படியே விடாமல், சூடு தாங்கும் பூச்சால் முழுக்க மூடிய பிறகே பற்றவைக்க வேண்டும்.

இரண்டு உலைக்கும் பொதுவான ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. தலைவலி, தூக்கம் என்று தொடங்கி, எழுந்து வெளியே போகவே தெம்பில்லாமல் ஆக்கிவிடும். ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்ற நினைப்பு வேண்டாம். இரண்டு பக்கமாவது திறந்த கொட்டகைதான் சரியான இடம். மூடிய அறை என்றால் நெருப்புக்கு மேலே புகைக்கூண்டும், ஒரு மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் இல்லாமல் தொடங்கவே கூடாது. தரை மண்ணாகவோ மணலாகவோ இருப்பது நல்லது. சிமென்ட் தரையின் நுண்துளைகளில் ஈரம் இருக்கும். செந்தணலாக ஒரு துண்டு விழுந்தால் அந்த ஈரம் நீராவியாகிச் சில்லுகளைத் தெறிக்கவிடும்.

இனி பட்டடை. ஆசையும் காசும் அதிகம் வீணாவது இங்கேதான். ஒரு கிலோ சுத்தியலால் அடிக்கும்போது, அந்த ஆற்றலில் ஒரு பங்கு பட்டடையையே அசைப்பதில் போய்விடுகிறது. சுத்தியலின் எடையை, இரண்டின் கூட்டு எடையால் வகுத்தால் அந்தப் பங்கு கிடைக்கும். பட்டடை 10 கிலோ என்றால் 9 சதவீதம் வீண், 50 கிலோ என்றால் 2 சதவீதம், 100 கிலோ என்றால் 1 சதவீதம். பத்திலிருந்து ஐம்பதுக்குப் போவது பெரிய லாபம், ஐம்பதிலிருந்து நூறுக்குப் போவதில் மிஞ்சுவது ஒரே ஒரு சதவீதம்.

எடையைவிட, அந்த எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். சுத்தியல் கம்பியைத் தொட்டிருப்பது ஒரு கண்ணிமைப்பில் சிறு பகுதிதான். அதற்குள் அடியை எதிர்த்து நிற்பது நேர் கீழே இருக்கும் உலோகம் மட்டுமே. பக்கவாட்டில் நீண்டிருக்கும் கொம்பும் வாலும் பெரிதாக உதவுவதில்லை. தண்டவாளத் துண்டைப் பட்டடையாகப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் அதைப் படுக்கவைத்துவிடுகிறார்கள். அப்போது தலைக்குக் கீழே மெல்லிய தண்டுதான் இருக்கிறது. வில்லாகத் துள்ளி அடியை விழுங்கிவிடும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் அரை மீட்டரை வெட்டி நட்டக்குத்தலாக நிறுத்திப் பாருங்கள். 30 கிலோவும் அடிக்கு நேர் கீழே. மேல்முகம் சின்னதுதான், ஆனால் சுத்தியல் முகமும் சின்னதுதானே. விலை உயர்ந்த பட்டடைக்குக் காத்திருந்து வருடங்களை ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பழைய பட்டடை ஒன்று விலைக்கு வந்தால் ஒரு பேரிங் குண்டை எடுத்துப் போங்கள். 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டு, எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் முகம் கடினமாக, உள்ளே விரிசலில்லாமல் இருக்கிறது. பாதிகூட எழும்பாவிட்டால் அது வார்ப்பிரும்பு உருவம், அலமாரிக்குத்தான் ஆகும். ஒரே பட்டடையில் ஓரிடத்தில் மட்டும் துள்ளல் குறைந்தால், அங்கே மேல்தகடு விட்டுப்போயிருக்கலாம். நிறுத்தும் உயரத்துக்குப் பழைய வழியே சரி: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல் முட்டி எங்கே வருகிறதோ அந்த உயரம். அடியில் கனமான மரக்கட்டை வைத்துச் சங்கிலியால் இறுக்கிக் கட்டினால், காதைத் துளைக்கும் ஓசையும் குறையும். அப்படியும் காதடைப்பான் போடாமல் அடிக்கக் கூடாது. போன கேள்வித்திறன் திரும்புவதில்லை.

சுத்தியல் ஒரு கிலோ, தொடக்கத்தில் அதற்கும் குறைவாகவே இருக்கட்டும். ஆற்றல் எடைக்கு நேர்விகிதம், வேகத்துக்கோ இருமடி விகிதம்; தூக்கவே திணறும் சம்மட்டியை மெதுவாகப் போடுவதில் பயனில்லை. கடையில் வாங்கும் சுத்தியலின் முகவிளிம்பு கூராக இருக்கும். அதைத் தேய்த்து லேசாகக் குவித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் பிறைபோல ஒரு வடுவை விட்டுச்செல்லும்.

குறடு பிடிக்கும் பொருளுக்குப் பொருந்த வேண்டும், 12 மி.மீ.க்கான வாய் 20 மி.மீ. பட்டையைப் பிடிக்காது, பிடித்தாலும் அடியில் நழுவித் தெறிக்கும். பொருளை இரு தாடைகளுக்கிடையே இறுக்கிப் பிடிக்கும் வைஸ் வாங்கினால் தரை வரை கால் நீண்ட வகையைத் தேடுங்கள். அடியின் அதிர்ச்சி அந்தக் கால் வழியாகத் தரைக்குப் போய்விடும். மேசையில் மாட்டும் வார்ப்பிரும்பு வைஸில் சூட்டோடு அடித்தால் ஒருநாள் தாடை உடையும்.

இப்போது மறுபடி அந்த நாற்பது நொடி. உலைக்கும் பட்டடைக்கும் இடையே நாலு எட்டு நடந்தால் போக மூன்று நொடி, சுத்தியலைத் தேட ஐந்து நொடி. உலை, பட்டடை, வைஸ் மூன்றும் நின்ற இடத்தில் திரும்பினால் எட்ட வேண்டும். அடுத்து எடுக்கப்போகும் உளி எது என்று கம்பி உள்ளே காய்ந்துகொண்டிருக்கும்போதே முடிவு செய்து, பட்டடைக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். யோசிக்கும் நேரத்தில் கம்பியைப் பட்டடைமேல் கிடத்தி வைக்காதீர்கள், அது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்.

வெளிச்சமும் ஒரு கருவிதான். மங்கலான சிவப்பு, செர்ரிச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்ற நிறங்கள்தான் இங்கே வெப்பமானி. வெயில் விழும் இடத்தில் 700 டிகிரிக் கம்பிகூடக் கருப்பாகவே தெரியும். அதை நம்பி அதிகமாகக் காய்ச்சி எரித்துவிடுவோம். ஆகவே உலைப்பக்கம் எப்போதும் ஒரே அளவு நிழலாக இருக்கட்டும்.

துவைச்சல் போட, அதாவது எஃகைக் கடினமாக்க, கண்ணை மட்டும் நம்ப முடியாது. நல்லவேளையாக இயற்கையே ஒரு குறி வைத்திருக்கிறது: 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாமல் போய்விடும். ஒரு காந்தத்தைத் தனியாக ஒரு மெல்லிய ஒயரில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, காய்ச்சும் துண்டு அதில் ஒட்டாத நிலையைத் தாண்டிச் சற்றே காய்ச்சி எண்ணெயில் இறக்கினால், கார்பன் அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் அடைபட்டு எஃகு இறுகிவிடும். மைல்டு ஸ்டீலில் கார்பன் போதாது, எவ்வளவு நனைத்தாலும் இது நடக்காது. வண்டியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் நடக்கும். எண்ணெய், மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் இருக்க வேண்டும். துண்டு முழுதும் மூழ்கட்டும். பாதி வெளியே நின்றால் அந்த இடத்தில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். பற்றினால் மூடியைப் போட்டு அணையுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது.

துத்தநாகம் பூசிய குழாய், போல்ட், தகடு எதுவும் நெருப்புக்குள் போகக் கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கிறது, அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். உடுப்பு பருத்தியாக இருக்கட்டும், செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். தீக்காயங்களில் பல செந்தணலால் வருபவை அல்ல. 400 டிகிரியில் எந்த ஒளியும் காட்டாமல் தரையில் கிடக்கும் கருப்புத் துண்டால் வருபவை. அப்படிப்பட்டவற்றைப் போட ஒரே ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே கிடப்பது எதையும் வெறுங்கையால் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலைக்குக் குறடுகூட வேண்டாம். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனையைக் காய்ச்சினால் மறுமுனையைக் கையிலேயே பிடிக்கலாம். எஃகு தாமிரத்தைப் போலச் சூட்டைக் கடத்தாது, கை வரை வர வெகுநேரம் ஆகும். நுனியைக் கூராக்கி, வளைத்து, ஒரு கொக்கியை வெட்டி எடுத்தபின், மிச்சக் கம்பியில் அடுத்ததைத் தொடங்கலாம். கம்பி கைக்கு எட்டாத அளவுக்குக் குட்டையாகும்போது, முதல் குறட்டை நீங்களே அடித்துச் செய்யும் அளவுக்குச் சுத்தியல் கைக்குள் வந்திருக்கும்.