பெருவழி வலயம்: ‘கொரிடோர்’ என்ற திட்டமிடல் சொல்லும் அதற்குரிய தமிழும்

நகரத் திட்டமிடல் அறிக்கைகளில் இன்று தவிர்க்க முடியாததாகிவிட்ட சொற்களுள் ‘கொரிடோர்’ ஒன்று. தமிழில் அதனைச் சிலர் தாழ்வாரம் என்கின்றனர், சிலர் நடைபாதை என்கின்றனர், வேறு சிலர் வழித்தடம் என்கின்றனர். எதற்கு வம்பு என்று கொரிடோர் என்றே எழுதிவிடுவோரும் உளர். திட்டமிடுவோர் இச்சொல்லால் குறிப்பது ஒரு நீண்ட நிலப்பட்டையை. பிரதான வீதியொன்றோ, ரயில் பாதையொன்றோ, இரண்டும் சேர்ந்தோ அதன் நடுவே செல்லும். அந்தப் போக்குவரத்தை நம்பி இரு பக்கங்களிலும் வளர்ந்த குடியிருப்புகள், கடைகள், பாடசாலைகள், வைத்தியசாலைகள், கோயில்கள், பயிர்நிலங்கள் ஆகிய யாவும் அதற்குள் அடங்கும். வீதி அதன் நடுக்கோடு மட்டுமே. இந்த வேறுபாட்டைத் தமிழ்ச் சொல் காட்டாவிட்டால், திட்டம் தன்னைத் தொடுகிறது என்பதே வீதியோரத்தில் வாழ்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் ஓடுதலைக் குறிக்கும் ‘குர்ரேரே’ என்ற வினைச்சொல். கைக்குக் கை ஓடும் கரன்சியும், கடிதத்தோடு ஓடும் கூரியரும் அதே வேரில் கிளைத்தவை. இத்தாலியத்தில் ‘கொர்ரிதோரே’ என்று வழங்கிப் பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, கோட்டை அரணை ஒட்டிப் படைவீரர் மறைவாக விரைந்து செல்வதற்கான பாதையையே அது குறித்தது. அறைகளுக்கு இடையே நீளும் உள்வழி என்ற கட்டடப் பொருள் அதன் பின்னர் நிலைபெற்றது. முதலாம் உலகப் போருக்குப் பின் போலந்துக்குக் கடல்வழி கிடைக்கும்படி ஒதுக்கப்பட்ட நிலத்துண்டைப் ‘போலந்துக் கொரிடோர்’ என்று அழைத்தபோது, அச்சொல் கட்டடத்தை விட்டு வெளியேறி நிலப்படத்தில் ஏறிவிட்டது. நகரத் திட்டமிடலுக்கு வந்தது இந்த மூன்றாவது பொருளே; கட்டடப் பொருள் அன்று. தமிழாக்கத்தில் நேர்ந்த குழப்பம் பெரும்பாலும் இரண்டாவது பொருளைக் கொண்டு மூன்றாவதை மொழிபெயர்க்க முயன்றதால் வந்தது.

போக்குவரத்தையும் நில உபயோகத்தையும் ஒரே பட்டையில் வைத்துத் திட்டமிடும் எண்ணம் பழையது. 1882இல் ஸ்பெயின் நாட்டு ஆர்தூரோ சோரியா இ மாத்தா, டிராம் பாதையை நடுவில் வைத்து இரு பக்கமும் வீடுகள் நீளும் ‘நேர்கோட்டு நகரம்’ ஒன்றை மாட்ரிட்டுக்கு முன்மொழிந்தார். 1947இல் கோபன்ஹேகன் நகரம், ரயில் பாதைகளை ஒட்டிக் குடியிருப்பு வளர வேண்டும், அவற்றுக்கு இடைப்பட்ட நிலம் பசுமையாகவே இருக்க வேண்டும் என்று வகுத்த திட்டத்துக்கு, விரித்த கையின் வடிவில் அமைந்தமையால் ‘விரல் திட்டம்’ என்ற பெயர் நிலைத்தது. பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1966இல் பெருந்திட்டம் வகுத்து, 1974இல் பஸ்களுக்கென்றே தனித்தடம் திறந்தது. அந்தத் தடத்தை ஒட்டி மாத்திரம் உயர்ந்த கட்டடங்களை அனுமதித்து, விலகிச் செல்லச் செல்ல உயரத்தைக் குறைத்தது. இவை யாவும் பஸ் எங்கே ஓட வேண்டும் என்பதையும் மனிதர் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதையும் ஒரே கேள்வியாகப் பார்த்தன. இலங்கையில் இச்சொல் பரவலாகக் காதில் விழுந்தது கொழும்பின் போக்குவரத்துத் திட்டங்களின் வழியாக. மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை ஜப்பானிய உதவியுடன் திட்டமிடப்பட்டு, 2020இல் கைவிடப்பட்ட இலகு ரயில் திட்டத்தின்போது ‘மாலபே கொரிடோர்’ என்பது செய்தி மொழியாகவே ஆகிவிட்டது.

சமவெளி நகரத்தில் இத்தகைய பட்டையைத் திட்டமிடுபவர் வகுக்கிறார். மலையகத்தில் அதனை மலையே வகுத்துவிடுகிறது. கண்டியை மூன்று பக்கமும் மகாவலி வளைத்து நிற்கிறது. நகருக்குள் நுழைய மேற்கே பேராதனை, வடக்கே கட்டுகஸ்தோட்டை, கிழக்கே தென்னக்கும்புர என்று மூன்று பெரிய வாயில்களே உண்டு. கொழும்பிலிருந்து ரயில் கண்டியை அடைந்தது 1867இல். மாத்தளை வரை நீண்டது 1880இல். பேராதனையிலிருந்து கண்டி வழியாகக் கட்டுகஸ்தோட்டை வரை வீதியும் ரயில் பாதையும் அருகருகே செல்வதால், அதனை ஒரே வலயமாக எண்ணித் திட்டமிடுவதற்கு வேண்டிய எலும்புக்கூடு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கே போடப்பட்டாயிற்று. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நகரம் என்பதால் நடுவில் இடித்துப் பெருப்பிக்க இடமில்லை. ஆகவே மாற்றத்தின் பாரம் முழுவதும் இந்த வாயில்களின் மீதே வந்து விழுகிறது. குட்ஷெட் பஸ் நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் இணைத்து ஒரே போக்குவரத்து முனையமாக்கும் திட்டத்தின் பின்னாலுள்ள நியாயமும் இதுவே.

ஹட்டன் இன்னும் இறுக்கமான உதாரணம். அவிசாவளையிலிருந்து நுவரெலியா செல்லும் ஏ-7 வீதியே நகரத்தின் பிரதான தெரு. அதற்கு அருகே ரயில் நிலையம். இரண்டுக்கும் இடையிலும் மேலும் கீழும் கடைகள். டிசம்பர்ப் பௌர்ணமியான உந்துவப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் ரயிலில் வந்து இறங்கி, மலையடிவாரத்திலுள்ள நல்லதண்ணிக்கு பஸ் ஏறுவதும் இதே இடத்தில்தான். சம்பளம் கிடைத்த வார இறுதியில் அந்தத் தெருவை நின்று பார்த்தால் ‘கொரிடோர்’ என்பதன் முழுப் பொருளும் விளங்கும். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் அரிசி, மா, பருப்பு வாங்கிய பைகளைக் கடை ஓரத்தில் அடுக்கி வைத்து பஸ்ஸுக்காக நிற்பார்கள். அதே ஓரத்தில் படங்கு விரித்து மரக்கறி விற்பவர் இருப்பார். மூன்று சுமைகளையும் பிள்ளையையும் பஸ்ஸில் ஏற்ற முடியாதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஆட்டோ பிடிப்பார்கள். வாகனங்களை மாத்திரம் எண்ணும் ஆய்வில் இந்தப் படங்கும் பைகளும் ‘இடைஞ்சல்’ என்ற தலைப்பில் பதியப்படும். அந்த வீதி பிழைப்பு நடத்துவதே அவற்றால்தான் என்பது பதியப்படாது.

இனித் தமிழ்ச் சொற்களை எடுத்துக்கொள்வோம். தாழ்வாரம் என்பது சாய்ந்து இறங்கும் கூரையையும் அதன் கீழுள்ள இடத்தையும் குறிப்பது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் காம்பராவின் முன்னால் உள்ள அந்த இடத்துக்கு மலையகத்தில் இஸ்தோப்பு என்றே பெயர். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. ‘ஹட்டன் – தலவாக்கலைத் தாழ்வார அபிவிருத்தி’ என்று ஒரு பலகை எழுதி வைத்தால், இஸ்தோப்புக்குத் தகரம் மாற்றித் தரப் போகிறார்கள் என்று ஒருவர் நினைத்தால் பிழை அவர் மீது இல்லை. கட்டடத்தின் உள்வழிக்கு நம்மிடம் இதைவிடத் துல்லியமான இடைகழி என்ற சொல் உண்டு. ரேழி என்று பேச்சில் திரிந்ததும் அதுவே. முதல் ஆழ்வார் மூவரும் ஒரு மழை இரவில் திருக்கோவலூரில் நெருங்கி நின்றதாக வைணவ மரபு கூறுவது அத்தகைய இடைகழி ஒன்றில். வைத்தியசாலையிலும் அரசாங்கக் கச்சேரியிலும் கொரிடோர் என்று நாம் சொல்லும் இடத்துக்கு அதனைத் தயங்காமல் வழங்கலாம். நடைபாதை கால்நடையாகச் செல்வோருக்கான ஓரப்பாதை. அதனைத் திட்டமிடல் பொருளில் வழங்கினால் முழுக் குழப்பமே மிஞ்சும்.

வழித்தடம் நல்ல சொல். பஸ் செல்லும் வழிக்கும் யானைகள் வலசை போகும் வழிக்கும் அதுவே பொருந்தும். ஆனால் தடம் என்பது செல்பவரின் பக்கத்திலிருந்து பார்க்கும் சொல். பஸ் எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது என்பதை அது சொல்கிறது. இடையில் இருப்பவரைச் சொல்வதில்லை. மீளபிவிருத்தி என்று வரும்போது நிலம் எடுக்கப்படுவது, கடை நகர்த்தப்படுவது, வாடகை ஏறுவது எல்லாம் அந்த இடையில் இருப்பவருக்கே. ஆதலால் வழித்தடம் இங்கே போதாது என்பது எனது உறுதியான எண்ணம்.

பெருவழி என்ற சொல் இந்த இடத்துக்கு வேண்டிய அகலத்தைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது. தர்மபுரிப் பகுதியில் கிடைத்த காதக்கல், அதியமான் பெருவழியில் நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று தூரம் காட்டுகிறது. கோயம்புத்தூருக்கு அருகில் இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் பாறைக் கல்வெட்டும் உண்டு. அந்தக் காதக்கல்லில் வழியோடு சேர்ந்தே வரும் தாவளம் என்பது கவனத்துக்குரியது. தாவளம் என்றால் பயணிகளும் வணிகரும் தங்கும் இடம். வழியும், வழியில் தங்கிப் பிழைக்கும் ஊரும் ஒரே மூச்சில் சொல்லப்பட்ட மரபு அது. கண்டி இராச்சியத்தின் மலைப்பாதைகளில் உப்பும் பாக்கும் சுமந்து சென்ற பொதிமாட்டுக் கூட்டத்துக்குச் சிங்களத்தில் ‘தவலம’ என்று பெயர் வழங்கியதை இதனருகே வைத்துப் பார்க்கும்போது, இந்தச் சொற்குடும்பம் மலைநாட்டுக்குப் புதியதன்று என்பதும் தெரிகிறது.

வலயம் என்பதற்கு வட்டம், வளையம் என்பதே மூலப்பொருள். நீண்ட பட்டைக்கு அது பொருந்துமா என்று ஒருவர் கேட்கக்கூடும். இலங்கைத் தமிழில் கல்வி வலயம், வர்த்தக வலயம் என்று எல்லை வகுத்து நிர்வகிக்கப்படும் எந்தப் பகுதிக்கும் அச்சொல் ஊன்றிவிட்டது. அதன் வடிவத்தை யாரும் கேட்பதில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தப் பட்டையின் மீது அதிகாரம் செயற்படுவது வலயப்படுத்தலின் மூலமாகவே: எந்தக் காணியில் எத்தனை மாடி கட்டலாம், எங்கே கடை வைக்கலாம், எங்கே எதுவும் கட்டக் கூடாது என்று அதுதான் தீர்மானிக்கிறது. ஆகவே ‘பெருவழி வலயம்’ என்றால், ஒரு பெருவழியை அச்சாகக் கொண்டு எல்லையிடப்பட்டு விதிகளுக்கு உட்பட்ட நிலப்பகுதி என்ற பொருள் விளக்கமின்றியே கிடைத்துவிடும்.

இப்படிப் பெயரிட்ட பின் ‘இதற்குள் யார் இருக்கிறார்கள்’ என்ற கேள்வி தானாக எழும். மலையகத்தில் அந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அது தயாரிக்கும் அபிவிருத்தித் திட்டம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு அபிப்பிராயம் கேட்கப்பட வேண்டும். நகரத்துக் கடைக்காரர் காணி உரிமைப் பத்திரமான உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் லயத்தில் வாழும் குடும்பத்தின் நிலை வேறு. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குச் சென்றன. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் பெரும்பாலான குடும்பங்களிடம் வீட்டுக்கோ நிலத்துக்கோ உறுதி இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்று 2018இல்தான் திருத்தப்பட்டது. காணி உரிமையாளரை மாத்திரம் அழைத்து நடத்தும் கலந்துரையாடல், பெருவழி வலயத்தில் வாழ்வோரில் பெரும்பகுதியினரை வாசலிலேயே நிறுத்திவிடும். கலந்துரையாடல் நடக்கும் நேரமும் அப்படியே: கொழுந்து நிறுக்கும் நேரத்தில் பிரதேச செயலகத்தில் கூட்டம் வைத்தால் கொழுந்து பறிப்பவர் வர முடியாது.

மண்சரிவும் இதே கணக்கில் சேர வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை மலையகம் மறக்காது. வீதியை அகலமாக்க மேற்சரிவை வெட்டும்போது அதற்கு மேலே இருக்கும் குடியிருப்பும், வெட்டிய மண்ணைக் கொட்டும்போது கீழே இருக்கும் குடியிருப்பும் திட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே மலைநாட்டில் பெருவழி வலயத்தின் அகலத்தை வீதியின் நடுவிலிருந்து இத்தனை மீற்றர் என்று நாடா பிடித்து வரையறுத்தல் ஆகாது; நீர் எங்கிருந்து வந்து எங்கே வடிகிறது என்பதைப் பார்த்தே வரையறுக்க வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்கள் அதற்கு முதற்படி. எந்த ஓடை எந்த மழையில் திசை மாறியது என்று தோட்டத்து முதியவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்வது அடுத்த படி.

உடன்வரும் சொற்களைச் சுருக்கமாகக் கூறலாம். இருப்பதை இடித்தோ மாற்றியோ மீண்டும் அமைப்பதற்கு இலங்கையில் மீளபிவிருத்தி என்பது பழகிவிட்டது; தமிழகத்தார் மறுமேம்பாடு என்பர். இரண்டும் சரியே. போக்குவரத்து என்பது போக்கையும் வரவையும் ஒன்றாகச் சொல்லும் அழகான சொல். ரயில், பஸ் போன்றவற்றைத் தனித்துக் குறிக்க வேண்டுமானால் பொதுப் போக்குவரத்து என்று எழுதினால் போதும். மக்களை அழைத்து முடிவைத் தெரிவிப்பதற்குச் சமூகத் திட்டமிடல் என்ற பெயரைக் கொடுக்கலாகாது. முடிவெடுக்கும் முன் அவர்களோடு சேர்ந்து வரைவதற்கே அப்பெயர் உரியது.

வழக்கில் இவ்வாறு அமையலாம்: ‘பேராதனை – கட்டுகஸ்தோட்டைப் பெருவழி வலயத்தின் மீளபிவிருத்தி வரைவு, பிரதேச செயலகத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. வலயத்தினுள் வசிப்போர், தொழில் செய்வோர், நாளாந்தம் பயணம் செய்வோர் ஆகிய அனைவரும், காணி உறுதி இருப்பினும் இல்லாவிடினும், தமது அபிப்பிராயத்தை எழுத்திலோ வாய்மொழியாகவோ பதிவு செய்யலாம்.’