களைக்கொல்லி எதிர்ப்புத்திறன்

பிடுங்கி அகற்றுதலைக் குறிக்கும் 'களைதல்' என்னும் வினையோடு பிறந்தது 'களை' என்னும் பெயர். பைங்கூழுக்குக் (பசும்பயிருக்குக்) களைகட்டல், அதாவது களைபிடுங்கல், எப்படியோ அப்படியே கொடியோரை வேந்தன் ஒறுத்தல் என்று குறள் (550) சொல்லுவதிலிருந்து, இவ்வழக்கின் பழமை விளங்கும். முகத்துக்குச் சொல்லும் 'களை' வேறு சொல்.

'ஹெர்பிசைடு' என்னும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதி புல்பூண்டைக் குறிக்கும் இலத்தீனச் சொல். பிற்பகுதி கொல்லுதலைக் குறிப்பது. 'பூச்சிக்கொல்லி'யின் அச்சில் அமைந்த நம் 'களைக்கொல்லி' பொருத்தமானதே, மருந்துகள் சிலவற்றுக்குப் பயிர் எது களை எது என்று தெரியாது என்றாலும். 'ரெசிஸ்டன்ஸ்' என்பதன் இலத்தீன மூலமும் எதிர்த்து நிற்றலையே குறிப்பதால் 'எதிர்ப்புத்திறன்' நேரான தமிழாகும். வழக்கமாகத் தன் இனத்தைக் கொல்லும் அளவு மருந்து பட்டும் ஒரு செடி பிழைத்து, விதைத்து, அத்திறனைத் தன் வழித்தோன்றல்களுக்குக் கடத்துமானால் அதுவே எதிர்ப்புத்திறன். ஓர் இனம் தொடக்கம் முதலே ஒரு மருந்துக்கு மடியாதிருந்தால் அதைத் 'தாங்குதிறன்' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது பிழை. முன்னது தெளிப்பின் விளைவு, பின்னது இயல்பு. உழவர்க்கான துண்டறிக்கைகளில் 'மருந்துக்குக் கேட்காத களை' என்று எழுதினால் இன்னும் நன்கு விளங்கும்.

இச்சொல்லுக்குப் பின்னுள்ள செலவை அரியானா, பஞ்சாப் மாநிலங்களின் கோதுமை வயல்களில் தெளிவாகக் காணலாம். அங்கே மண்டூசி அல்லது குல்லி டண்டா எனப்படும் பலாரிஸ் மைனர் என்னும் புல்லை அடக்க, விலை குறைந்த ஐசோபுரோட்டுரான் மருந்தை நெல்லும் கோதுமையும் மாறிமாறி விளையும் நிலங்களில் ஆண்டுதோறும் தெளித்துவந்தனர். 1990களின் தொடக்கத்தில் அம்மருந்து பலனளிக்காமல் போயிற்று. இளம் பருவத்தில் அப்புல் கோதுமை நாற்றைப் போலவே இருப்பதால் கையால் பிடுங்குவதற்கும் வழியில்லை. புல் மண்டிய வயல்களில் சிலர் முற்றாத கோதுமையையே தீவனமாக அறுத்துவிட்டனர். விளைச்சல் இழப்பு ஒருபக்கம் இருக்க, விதை, உரம், பாசனம் ஆகியவற்றுக்கு இட்ட முதலும் அதனுடன் போயிற்று என்பதை இழப்புக் கணக்குகள் பெரும்பாலும் தவறவிடுகின்றன.

இங்கிலாந்தின் கோதுமை வயல்களில் கருங்கதிர்ப்புல் என்று சொல்லத்தக்க 'பிளாக்-கிராஸ்' என்னும், மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற களையால், 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 40 கோடி பவுண்டும் 8 இலட்சம் டன் கோதுமையும் இழப்பாகின்றன. அந்நாட்டில் இலையுதிர்காலக் கோதுமையைக் கைவிட்டு இளவேனிற் பயிருக்கு மாறிய உழவரின் வருமானக் குறைவும், மருந்தின் இடத்தை நிரப்பக் கூடுதலாக உழும்போது எரியும் டீசலும் அதே களையின் செலவுதான். பக்கத்து வயலிலிருந்து அறுவடை இயந்திரத்தோடு வந்து சேரும் விதைக்கோ, தவறே செய்யாதவரும் விலை கொடுக்கிறார்.

அரியானாவில் 1990களின் பிற்பகுதியில் குளோடினாபாப், சல்போசல்பியூரான் போன்ற விலை மிகுந்த மருந்துகள் பரிந்துரைக்கப்பட்டன; உழாமல் விதைக்கும் முறையும் பரவி, களையையும் டீசல் செலவையும் ஓரளவு குறைத்தது. ஆயினும் அடுத்த பத்தாண்டுக்குள் அந்த மாற்று மருந்துகளுக்கும் எதிர்ப்புத்திறன் பெற்ற மண்டூசி வயல்களில் முளைக்கத் தொடங்கியது.