மஞ்சப்பையில் இருந்த ஓ.பி. சீட்டு

கஞ்சா வழக்கில் பிள்ளை கைதாகிவிட்டால், தேவகோட்டை நீதிமன்ற வளாகத்துக்கு வரும் பெற்றோர் முதலில் கேட்பது ஜாமீனைப் பற்றித்தான். காரைக்குடிப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மாவும் அதையே கேட்டார். மகனிடம் பிடிபட்டது 40 கிராம். மஞ்சப்பையிலிருந்து ரேஷன் கார்டையும் ஆதார் நகலையும் எடுத்து என் மேசையில் வைத்தபோது, நான்காக மடித்த அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு ஒன்றும் கூடவே வந்து விழுந்தது. கைதாவதற்கு மூன்று மாதம் முன்பே, போதையை விட வேண்டும் என்று மகன் தானாக மனநலப் பிரிவுக்குப் போய்வந்த சீட்டு. "அது பழசு சார், கேசுக்குச் சம்பந்தமில்ல" என்று அதைத் திரும்பப் பைக்குள் திணிக்கப் போனார்.

அந்த வழக்கில் மிகப் பெரிய சம்பந்தம் அதற்குத்தான் இருந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், தான் உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. கஞ்சாவுக்குச் சிறு அளவு என்பது 1 கிலோ வரை. ஹெராயினுக்கு 5 கிராம் வரை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பும் திரும்பப் பெறப்படலாம். குற்றம் நிரூபணமான பிறகும் 39ஆவது பிரிவு உண்டு: சிறைத்தண்டனை விதிப்பதற்குப் பதிலாக, அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பி, ஓராண்டுக்குள் அதன் முடிவை அறிக்கையாகத் தாக்கல் செய்யும்படி பிணைப்பத்திரம் எழுதி வாங்கி, நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம்.

இந்த இரு பிரிவுகளின் பலனையும் நடைமுறையில் அரிதாகவே யாரும் கேட்கிறார்கள். "ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டா இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்று யாராவது சொல்ல, குடும்பமும் தலையாட்டிவிடுகிறது. அபராதம் கட்டியதோடு வழக்கு முடியும், ஆனால் தண்டனை பெற்றவர் என்ற பதிவு நிற்கும்; சிங்கப்பூர், மலேசியா வேலைக்குக் காவல்துறைச் சான்று கேட்கும்போதுதான் அதன் கனம் தெரியும். வீட்டுக்கொருவர் கடல் கடந்து சம்பாதிக்கும் இந்தச் சீமையில் அது சின்ன இழப்பல்ல.

சிறை போதையை மறக்கடிக்கும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹெராயின் போன்ற அபின் வகைகளில், சில வாரம் நிறுத்தியதுமே உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது; சிகிச்சையில்லாமல் வெளியே வந்து பழைய அளவையே எடுப்பவர் அதிலேயே உயிர்விடக்கூடும்.

எந்த மறுவாழ்வு இல்லத்தின் சான்றும் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஓர் இல்லத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த இளைஞனின் கணுக்கால் தழும்பை நானே பார்த்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தவிர, அங்கீகாரமில்லாத இடத்தின் காகிதம் 64ஏ மனுவுக்கு உதவாது.

அந்த அம்மாவின் மகனுக்காக மனுவோடு சீட்டின் நகலையும் இணைத்தோம். அவன் இப்போது திங்கள்தோறும் மருத்துவரைப் பார்த்துவருகிறான். ஒவ்வொரு சீட்டையும் அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்.