காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, கொஞ்ச நேரம் ஓய்ந்து, அப்புறம் நேர் எதிராகத் தெற்கிலிருந்து அடித்தது ஏன் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். புயல் வந்தது கிழக்கிலிருந்து. அப்படியிருக்க வடக்கும் தெற்கும் எங்கிருந்து வந்தன?

அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று போகும் என்று பள்ளியில் படித்தோம். சைக்கிள் டியூபுக்கு அது சரி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் பூமியின் சுழற்சியும் குறுக்கே வரும். அது வட அரைக்கோளத்தில் ஓடும் எதையும் வலப்பக்கம் தள்ளும். இதுதான் கோரியாலிஸ் விசை.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. சென்னைக்கு மேலே அசையாமல் நிற்கும் ஒரு காற்றுப் பொதியை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடலில் தாழ்வழுத்தம், அதனால் பொதி கிழக்கே கிளம்புகிறது. நின்றிருந்தவரை கோரியாலிஸ் விசை அதைத் தொடவில்லை, ஓடத் தொடங்கியதும் வலப்பக்கம், அதாவது தெற்கே திருப்புகிறது, வேகம் கூடக்கூட இன்னும் அழுத்தித் திருப்புகிறது. முழுதாகத் தெற்கு நோக்கித் திரும்பிவிட்ட காற்றுக்கு வலப்பக்கம் எது? மேற்கு! அழுத்த வேறுபாடு கிழக்கே இழுக்க, கோரியாலிஸ் மேற்கே இழுக்க, இரண்டும் சமமாகி, பொதி தெற்கு நோக்கியே ஓடுகிறது. தாழ்வை நோக்கிக் கிளம்பிய காற்று, வானிலை வரைபடத்தில் ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் சமஅழுத்தக் கோட்டின் வழியே தாழ்வை இடப்பக்கம் வைத்துக்கொண்டு போகிறது. தரையருகே உராய்வு வேகத்தைக் குறைப்பதால் மட்டும் கொஞ்சம் தாழ்வின் பக்கம் சாய்கிறது.

ஆகவே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம். நெதர்லாந்து வானிலை அறிஞர் பைஸ் பாலட் 1857இல் அளவீடுகளிலிருந்து சொன்ன விதி இது. அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் வில்லியம் ஃபெரல் அதற்கு முந்தைய ஆண்டே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, நாஷ்வில்லின் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டிருந்தார்!

திசை மட்டுமில்லை, வேகமும் வரைபடத்திலேயே இருக்கிறது. சமஅழுத்தக் கோடுகள் நெருங்கினால் காற்று வேகம். ஆனால் கோரியாலிஸ் விசை நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க மெலியும், அதை ஈடுகட்டக் காற்று இன்னும் வேகமாக ஓட வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வேறுபாடு என்றால், உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட, 45 டிகிரி அட்சரேகையில் மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர். 13 டிகிரியில் இருக்கும் சென்னையில் சுமார் 90. அப்படியானால் இங்கே அழுத்தமானியில் அரை ஹெக்டோபாஸ்கல் பிழை வந்தாலே வேகக் கணக்கு மணிக்கு 45 கிலோமீட்டர் தப்பிவிடும். இதனால்தான் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலில் மிதக்கவிடும் மிதவைகளுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்கிறேன். செயற்கைக்கோள் மேகத்தைக் காட்டும், கடல்மட்ட அழுத்தத்தை மிதவைதான் துல்லியமாகச் சொல்லும்.

புயலில் பாதை வட்டமாக வளைவதால், அழுத்த இழுப்பின் பெரும்பகுதி அந்த வளைவுக்கே செலவாகிறது, நேர்கோட்டுக் கணக்கு உதவாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை வேறொரு எளிய சூத்திரம் வைத்திருக்கிறது: சுற்றுப்புறத்தைவிட மையத்தில் எவ்வளவு அழுத்தம் குறைவோ அதன் வர்க்கமூலத்தை 14.2ஆல் பெருக்கினால் உச்ச வேகம் நாட் கணக்கில் வரும். 25 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் 71 நாட், அதாவது மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர்.

இப்போது வாசகியின் கேள்விக்கு வருவோம். மையம் கிழக்கே கடலில் இருந்தவரை வாடை, அதாவது வடக்குக் காற்று. மையம் தலைக்கு மேல் வந்தபோது அழுத்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை, காற்றும் இல்லை. மையம் மேற்கே போனதும் தெற்குக் காற்று. மையத்துக்கு வடக்கே இருந்தவர்களுக்கு இந்த ஓய்வே கிடைத்திருக்காது. வாடை மெல்லக் கிழக்குக் காற்றான கொண்டலாகி, கிழக்கு வழியே தெற்குக்குத் திரும்பியிருக்கும். தெற்கே இருந்தவர்களுக்கு அதே திருப்பம் மேற்கு வழியே. காற்று திசையே மாறாமல் வலுத்துக்கொண்டே போய், அழுத்தமும் இறங்கிக்கொண்டே இருந்தால், மையம் உங்களை நோக்கித்தான் வருகிறது.