வன்னியில் வாக்குப் போட: இடாப்பு, அடையாள அட்டை, லீவு, புள்ளடி

2001 டிசம்பர் 5ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தல். அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிச் சனங்களுக்கு அவரவர் ஊரில் வாக்களிப்பு நிலையம் இல்லை. சோதனைச் சாவடியைத் தாண்டி, அரச கட்டுப்பாட்டுப் பக்கத்தில் பல ஊர்களுக்குச் சேர்த்து அமைத்த கொத்தணி நிலையங்களுக்கு வந்துதான் போடவேண்டும். அன்றைக்குப் படையினர் பாதையைத் திறக்கவில்லை. வந்த சனம் அப்படியே திரும்பிப் போனது. மட்டக்களப்பிலும் இதே கதைதான். பாதிக்கப்பட்ட வாக்காளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். அவர்களுடைய சமத்துவ உரிமையும் கருத்து வெளியிடும் உரிமையும் மீறப்பட்டன என்று 2003இல் தீர்ப்பு வந்தது.

என் பெரியப்பாவும் அன்று திரும்பி வந்தவர்களில் ஒருவர். இன்றைக்கும் தேர்தல் நாளில் காலை ஆறரைக்கே பள்ளிக்கூட வாசலில் நிற்பார். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டால், "பாதை திறந்திருக்கேக்க போயிட்டு வந்திடவேணும்" என்பார்.

இப்போது பாதை திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் நம் ஆட்கள் சிலர் வாக்குப் போடாமலே வீடு திரும்புகிறார்கள். தடுப்பது ஒரு படிவம், ஒரு அட்டை, ஒரு லீவுக் கடிதம். அவற்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் எந்தத் தேர்தல் மாவட்டம் என்பது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி நமக்கு வன்னிதான், ஆனால் தேர்தல் கணக்கில் அது யாழ்ப்பாணத்தோடு சேரும். ஆகவே ஒட்டுசுட்டானில் இருப்பவருக்கும் பரந்தனில் இருப்பவருக்கும் நாடாளுமன்ற வாக்குச்சீட்டு வேறு வேறு.

அடுத்தது இடாப்பு, அதாவது வாக்காளர் பெயர்ப் பட்டியல். 18 வயது வந்த இலங்கைக் குடிமகனாக இருந்தாலும், தேருநர் இடாப்பில் பெயர் இல்லாவிட்டால் வாக்கு இல்லை. இந்த இடாப்பு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். கிராம அலுவலர் வீட்டு விபரத்தைத் திரட்டுவார். வரைவுப் பட்டியலைப் பார்வைக்கு வைப்பார்கள். விடுபட்டவர் உரிமைக் கோரிக்கை கொடுக்கவேண்டியது அந்த நாட்களில்தான். தேர்தல் அறிவித்த பிறகு ஓடித் திரிந்தால் பலன் இல்லை. பலமுறை இடம்பெயர்ந்து வாழ்ந்த நமக்கு இதில் சிக்கல் அதிகம். காணி ஓரிடம், குடியிருப்பு இன்னோரிடம். கலியாணம் முடித்துப் போன பிள்ளையின் பெயர் இன்னும் தாய்வீட்டில் இருக்கும், அல்லது அங்கே வெட்டப்பட்டு இங்கே சேராமல் போயிருக்கும். இரண்டு இடத்தில் பதிவு வைத்திருக்கவும் முடியாது. தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டால் பெயர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டில் புதிதாக 18 ஆன பிள்ளை இருந்தால், அடுத்த வருடம் பார்ப்போம் என்று விடாதீர்கள். 2021இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஆண்டின் இடையில் 18 ஆகிறவர்களுக்குத் துணைப் பட்டியல் இருக்கிறது.

தபாலில் வருகிற வாக்காளர் அட்டை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அது இல்லாமலே போடலாம். கட்டாயம் வேண்டியது ஆளை அடையாளம் காட்டும் அட்டை. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை ஆகியவை எடுபடும். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உயிரோடு மட்டும் வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! இன்னும் சரியான அட்டை எடுக்காத முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேர்தல் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை கொடுக்கும். படத்தோடு கிராம அலுவலர் மூலம் விண்ணப்பிக்கவேண்டும். அதற்கும் கடைசித் திகதி உண்டு, தேர்தலுக்கு முதல்நாள் கேட்டால் கிடைக்காது.

இனி லீவு. பலர் அறியாத உரிமை இதுதான். தனியார் வேலையாக இருந்தாலும், வாக்களிக்கப் போகிறவருக்குச் சம்பளம் வெட்டாமல் லீவு கொடுக்கவேண்டும். சொந்த லீவில் கழிக்கவும் கூடாது. சட்டத்தில் உள்ளபடி குறைந்தது 4 மணித்தியாலம். தூரத்தைப் பார்த்து ஆணைக்குழு சொல்லும் அளவு இப்படி: வேலையிடத்திலிருந்து வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரைநாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேலே இரண்டு நாள். கொழும்பிலோ கட்டுநாயக்காவிலோ வேலை செய்கிற முல்லைத்தீவுப் பிள்ளைக்கு இரண்டு நாள் வரும். எழுத்தில் கேட்கவேண்டும், அதுதான் முக்கியம். என் தங்கச்சியின் மகள் 2024 நவம்பர் 14, வியாழக்கிழமை நடந்த தேர்தலுக்கு வாயால் கேட்டாள். "அரைநாளில் போய் வா" என்றார்கள். அரைநாளில் பஸ் வவுனியா வந்து சேருவதே பெரிய பாடு. அவள் வரவில்லை. கடிதம் கொடுத்து, பிரதி ஒன்றும் கையில் வைத்திருந்தால், மறுத்தவர் பதில் சொல்லவேண்டி இருந்திருக்கும்.

கண் தெரியாதவர்கள், கை வழங்காதவர்கள் உதவிக்கு ஒருவரைக் கூட்டிப் போக 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கான தகுதிச் சான்றிதழில் கிராம அலுவலரும் வைத்தியரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உதவியாளர் வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக் கூடாது. போரில் அவயவம் இழந்த நம் ஆட்கள் இதைக் கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். பெயரை உரக்க வாசிப்பார்கள், இடதுகை விரலில் மை பூசுவார்கள், சீட்டைத் தருவார்கள். இந்த இடத்தில்தான் அதிகம் குழம்புகிறோம், ஏனென்றால் தேர்தலுக்குத் தேர்தல் முறை மாறும். நாடாளுமன்றத் தேர்தல் என்றால் முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு புள்ளடி (X அடையாளம்). பிறகு விரும்பினால் அதே பட்டியலின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் வாக்கே போய்விடும். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எண் போடலாம், ஒருவருக்கு மட்டும் என்றால் புள்ளடியும் சரி. உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடி, விருப்பு வாக்கு கிடையாது. கை தவறிப் பிழையாகக் கீறிவிட்டால் பெட்டிக்குள் போடாதீர்கள். தலைமை தாங்கும் அலுவலரிடம் கொடுத்து வேறு சீட்டுக் கேட்கலாம்.

ஒரு வாக்கால் என்ன ஆகும் என்பவர்களுக்கு நம் மாவட்டக் கணக்கையே காட்டுவேன். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வன்னியின் 6 ஆசனங்கள் 5 கட்சிகளுக்குப் பிரிந்து போயின. வாக்காளர் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் கூட. இப்படிச் சிதறுகிற இடத்தில் ஒரு கிராமம் வீட்டில் இருந்துவிட்டாலே கடைசி ஆசனம் கை மாறலாம். வாக்களிக்கத் தேர்தலே வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. வடமாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர் 21இல். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தல் வைக்காமல் விட்டார்கள். வாக்களிப்பதும் கருத்துச் சொல்வதுதான் என்று 1999இல் உயர் நீதிமன்றம் சொன்னதே மாகாண சபைத் தேர்தல்களைத் தள்ளிப்போட்ட வழக்கில்தான்.

வாக்களிப்பு காலை 7 மணிக்குத் தொடங்கும். அண்மைத் தேர்தல்களில் மாலை 4 மணிக்கு முடித்தார்கள். வயலுக்குப் போகிறவர்கள் போட்டுவிட்டுப் போவது நல்லது. கைத்தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், உள்ளே அதைப் பாவிக்க முடியாது.