பிரஷர் நார்மல் என்று மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு

"பிரஷர் நார்மலுக்கு வந்துவிட்டது டாக்டர், அதனால்தான் மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்ற விளக்கத்தை, நெஞ்சுவலியோடு அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்த ஒருவரிடமிருந்து இந்த மாதமும் கேட்க நேர்ந்தது. இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ள அவர், பல ஆண்டுகளாகச் சாப்பிட்டுவந்த மெட்டோபுரோலால் என்ற பிரஷர் மாத்திரையை, வீட்டுக் கருவியில் 120/80 என்று கண்டதும் யாரையும் கேட்காமல் விட்டிருக்கிறார்.

அந்த 120/80 என்பது மாத்திரை உள்ளே இருக்கும்போது எடுத்த அளவு. நோய் குணமாகிவிட்டதற்கு அது சான்று ஆகாது. மருந்து தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. மாத்திரை இல்லாமலே பிரஷர் அப்படித்தான் இருக்குமா என்பதை அந்தக் கருவியால் சொல்ல முடியாது. படித்தவர்களும் இதில் தவறுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மெட்டோபுரோலால், அட்டெனோலால், புரோப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள், இதயச் செல்களின் மேற்பரப்பில் உள்ள பீட்டா ஏற்பிகள் என்னும் இணைப்பு இடங்களில், இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் ஹார்மோனான அட்ரினலின் வந்து சேராதபடி தடுக்கின்றன. தடை நீடிக்கும்போது செல்கள் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்வதால், மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வழக்கமான அட்ரினலினே இதயத்தை விரட்டத் தொடங்கி, அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியையோ மாரடைப்பையோ கொண்டுவந்துவிடக்கூடும். அமெரிக்காவில் இம்மருந்துகளின் குறிப்பேட்டிலேயே இந்த எச்சரிக்கையை அச்சிடுகிறார்கள். நம் ஊரிலோ ஸ்டிரிப்பைக் கத்தரித்துக் கொடுப்பதால் பல நேரம் மருந்தின் பெயரே பாதிதான் மிஞ்சுகிறது.

நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் ஒன்றிரண்டு வாரங்களில் அளவைப் படிப்படியாகக் குறைப்போம். அதை எங்களிடம் விடுங்கள். ஒற்றைத் தலைவலிக்கும் கைநடுக்கத்துக்கும் புரோப்ரனோலால் சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

பதற்றத்துக்கு நல்லது என்று உங்கள் மாத்திரையை அடுத்தவருக்குத் தராதீர்கள். அவருக்கு ஆஸ்துமா இருந்தால் மூச்சுக்குழாய் இறுகிவிடக்கூடும். கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் இதே பீட்டா பிளாக்கர் வகைதான். அது கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலப்பதால், என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்கும்போது, தயவுசெய்து கண் சொட்டு மருந்தையும் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்று: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இம்மாத்திரை மறைத்துவிடக்கூடும், வியர்வையை மறைக்காது, ஆகவே காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள்.