42 டிகிரியை விட 36 டிகிரி ஏன் ஆபத்தாகலாம்

மே மாதத்தில் வேலூரில் 42 டிகிரி அடித்தால் அது தலைப்புச் செய்தி. அதே நாளில் சென்னையில் 36 டிகிரி என்றால், "அங்கே பரவாயில்லையே" என்கிறோம். வேலூர்க் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம், சென்னைக் காற்றில் 65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நிழலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு எங்கே அதிகம் திணறும்? சென்னையில்தான்.

காரணம் வியர்வை. நம் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதை விடச் சூடாகிவிட்டால், உடம்பின் வெப்பம் தானாக வெளியே போகாது. மிச்சமிருக்கும் ஒரே வழி, வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் அது ஆவியாக வேண்டும். முகத்தில் வழிந்து சொட்டுகிற வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை; தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நடப்பது அதுதான். புழுக்கம் என்று நாம் சொல்வதும் அதைத்தான்.

இதை அளக்க எளிய வழி உண்டு. வெப்பமானியின் குமிழில் நனைந்த பருத்தித் துணியைச் சுற்றி, காற்றுப்பட வைக்க வேண்டும். துணியிலுள்ள நீர் ஆவியாக ஆக அளவு இறங்கும், ஓரிடத்தில் நிற்கும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. மேலே சொன்ன வேலூரில் அது சுமார் 24 டிகிரியில் நிற்கும். சென்னையிலோ 30-க்குக் கீழே இறங்காது.

ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹ்யூபர் என்ற இரு விஞ்ஞானிகள் 2010-இல் ஒரு வரம்பைச் சொன்னார்கள்: ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டு சில மணி நேரம் நீடித்தால், நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான மனிதர்கூடப் பிழைப்பது கடினம். அது கணக்குப் போட்டுச் சொன்னது. பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வெப்ப அறையில் லேசான வேலை செய்ய வைத்துச் சோதித்தார்கள். 2022-இல் வெளியான முடிவு கவலைப்பட வைக்கிறது. ஈரமான காற்றில், ஈரக்குமிழ் 31 டிகிரியை எட்டும் முன்பே அவர்களின் உடல் வெப்பம் கட்டுப்பாட்டை இழந்து ஏறத் தொடங்கியது. முதியவர்களுக்கு வியர்வைச் சுரப்பே குறைவு என்பதால் வரம்பு இன்னும் கீழே.

சரி, இதில் பருவநிலை மாற்றம் எங்கே வருகிறது? காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. கடல் சூடாவதால் அந்த நீராவிக்கும் பஞ்சமில்லை. அந்த நீராவியே, இரவில் தரை வெளியிடும் வெப்பத்தை மேலே போகவிடாமல் தடுக்கிறது. பகல் உச்சத்தையே பேசுகிறோம். இரவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் ஆதங்கம். உடம்பின் வெப்பத்தை வெளியேற்றப் பகலெல்லாம் தோலுக்கு ரத்தத்தைத் தள்ளிக் களைத்த இதயம் இளைப்பாறுவது இரவில்தானே?

மனிதரோடு இது நிற்கவில்லை. ஆஸ்திரேலியப் பழந்தின்னி வௌவால்களுக்கு வியர்க்காது. வெயில் ஏறினால் முதலில் சிறகால் விசிறிக்கொள்ளும், நிழலுக்கு நகரும், மூச்சிரைக்கும், கடைசியில் எச்சிலால் சிறகை நக்கி நனைக்கும். அந்த எச்சில் ஆவியாவதுதான் அதன் வியர்வை. 42 டிகிரியைத் தாண்டினால் இதுவும் கைகொடுப்பதில்லை. 2018 நவம்பரில் குயின்ஸ்லாந்தின் கெய்ன்ஸ் பகுதியில், கண்ணைச் சுற்றி வெளிர் வளையம் கொண்ட ஓர் இனத்தில் மட்டும் சுமார் 23,000 வௌவால்கள் மரங்களிலிருந்து செத்து விழுந்தன. ஆஸ்திரேலியாவில் அந்த இனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. ஆண்டுக்கு ஒரே குட்டி போடும் உயிரினம். மழைக்காட்டின் விதைகளைத் தொலைதூரம் கொண்டுபோய்ப் போடுவதும் அதுதான்.

நம் பக்கம் வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உப்பளம். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில், பக்கத்தில் கடலின் ஈரம். உப்பு வாரும் வேலையில் உடம்பு உள்ளுக்குள் உண்டாக்கும் வெப்பமோ சும்மா இருப்பதைப் போலப் பல மடங்கு. ரத்தம் தோலுக்கு ஓடுவதால் சிறுநீரகத்துக்குப் போகும் பங்கு குறைகிறது. அதோடு தண்ணீர்ச் சத்தும் வற்றினால் அது தினசரி அடி. உப்பளங்களில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், பெரும்பாலோர் பாதுகாப்பான வெப்ப வரம்பைத் தாண்டியே வேலை செய்வதும், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதும் தெரியவந்தது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவு. ஆனால் வானிலைத் துறையின் வழக்கமான அளவுகோலில், கடலோரத்தில் வெப்ப அலை என்று சொல்ல 37 டிகிரியாவது வேண்டும். இயல்பை விட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். ஈரப்பதம் அதில் இல்லை. ஈரக்குமிழ் 30 டிகிரியைக் காட்டும் அந்த 36 டிகிரி நாள், உப்பளத்தில் இன்னும் சாதாரண வேலை நாள்தான். அந்த அளவுகோலில் ஈரக்குமிழைச் சேர்க்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல் உப்பளத்தில் நிழலும், மணிக்கொரு முறை ஓய்வும், கழிப்பறையும் இந்தக் கோடையிலேயே வர வேண்டும்.